பெட்டியைத் தேடுபவனும் பந்தைத் துரத்துபவனும்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்குத் திரும்பினால், திண்ணையில் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். ஒரகடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள், ஸலாம் சொன்ன கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அண்ணே! இரண்டு பிள்ளைகளும் கை நழுவிப் போகிறார்கள். உங்களிடம் ஓதி வளர்ந்தவர்கள்தானே! நீங்கள் கூப்பிட்டுக் கண்டித்தால்தான் உண்டு” என்றாள்.

என் நெஞ்சு திக்கென்றது. மத்ரஸா ஆசிரியன் என்ற முறையில் இத்தகைய கண்ணீரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குடி என்பார்கள், கந்துவட்டிக் கடன் என்பார்கள், இப்போதெல்லாம் செல்போனில் பணம் வைத்து ஆடும் சூதாட்டம் என்பார்கள். ஆகவே மெல்ல விசாரித்தேன். மூத்தவன் செய்யும் குற்றம் யாதெனில், விடுமுறை நாளில் செல்போனைப் பார்த்துக்கொண்டே ஏரிக்கரைகளிலும் மலையடிவாரங்களிலும் யாரோ ஒளித்து வைத்த பெட்டியைத் தேடி அலைவது. இளையவன் செய்யும் குற்றம், இறுதிப் பருவத் தேர்வை வைத்துக்கொண்டு கல்லூரிக் கால்பந்துக் குழுவில் ஓடித் திரிவது. அதுவும் ஒருநாளும் கோப்பை வாங்கியறியாத குழுவில்!

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தாயின் கவலையைப் பார்த்துச் சிரிப்பது பாவம். மேலும், உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவள் கேட்ட கேள்வியை நானே என் வகுப்பில் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறேன். “இதனால் என்ன பயன்?” என்பதே அக்கேள்வி. உங்களில் எத்தனையோ பேர் உங்கள் பிள்ளைகளிடம் இதே கேள்வியை இதே தொனியில் கேட்டிருப்பீர்கள்.

இவ்வட்டாரத்தின் வாழ்க்கையை அறியாத வெளியூர் வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைத்த ஊர்கள் இவை. இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டுக் கார் தொழிற்சாலையிலிருந்து 1998-இல் முதல் கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்திலும் கார்கள் உருவாகத் தொடங்கின. பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் என்று சாலையின் இருபுறமும் மதில்கள் எழும்பிவிட்டன. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று தங்கியிருக்கிறார்கள். ஒரு வாரம் காலை ஷிப்டு, மறுவாரம் மாலை ஷிப்டு, அதற்கடுத்த வாரம் இரவு ஷிப்டு. கிடைக்கின்ற ஒரு நாள் விடுமுறையில் பாதி உறக்கத்தில் கழியும். மீதி, படுத்தபடியே செல்போனைத் தேய்ப்பதில் கழியும். ஒரே அறையில் ஓராண்டு தங்கியும் பக்கத்துப் பாயில் படுப்பவனின் ஊர்ப்பெயர் தெரியாத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

அந்தப் பாயை விட்டு எழுந்து என் மருமகன் எங்கே போகிறான்? அவனை அழைத்துக் கேட்டேன். கண்டிக்கத்தான் அழைத்தேன் என்பதை மறைக்கவில்லை. அவனோ, “மாமா, திட்டுவதற்கு முன்னால் ஒருமுறை என்னோடு வந்து பாருங்கள்” என்றான்.

அவன் விளக்கிய விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். அதன் கதை சுவையானது. அமெரிக்க இராணுவம் வானில் நிறுத்தியிருக்கும் ஜி.பி.எஸ். துணைக்கோள்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே அவை நேரத்தை ஒலிபரப்புகின்றன. நான்கு துணைக்கோள்களின் சமிக்ஞையைப் பிடித்துவிட்டால், நாம் பூமியின் எந்தப் புள்ளியில் நிற்கிறோம் என்பதைக் கையிலிருக்கும் கருவி கணக்கிட்டுச் சொல்லிவிடும். ஆனால் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை இடம் தவறிக் காட்டும். 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டேவ் உல்மர் என்பவர், கறுப்பு வாளி ஒன்றில் சில புத்தகங்கள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் அவரைக்காய் ஆகியவற்றைப் போட்டுக் காட்டோரத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் உலகுக்கு அறிவித்தார். கண்டுபிடிப்பவர் குறிப்பேட்டில் பெயரெழுத வேண்டும். ஏதேனும் எடுத்தால் ஏதேனும் வைக்க வேண்டும். விதி அவ்வளவுதான். இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு ஒளிந்துகிடக்கின்றன. 2008-இல் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற ரிச்சர்ட் கேரியட் அங்கேயும் ஒன்றை வைத்துவிட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! நம் நாட்டில் மட்டும் இது இன்னும் அரிதாகவே இருக்கிறது.

சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவன் செல்போனில் காட்டிய எண்களைப் பார்த்ததும் என் மனம் வேறு திசையில் சென்றது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் நமக்குப் புதியவையா? கிப்லாவின் திசையைத் துல்லியமாகக் காண வேண்டுமானால் நம் ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிய வேண்டும். மக்காவினுடையவையும் தெரிய வேண்டும். சென்னை வட்டாரத்திலிருந்து கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்தது. இந்தக் கணக்கை நேர்செய்வதற்காகவே அறிஞர் அல்பிரூனி ஊர்களின் இருப்பிடங்களை வரையறுக்கும் நூலொன்றை 1025-ஆம் ஆண்டு எழுதி முடித்தார். இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில் இருக்கும் நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்து, அதன் உச்சியில் நின்று அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்து, பூமியின் ஆரத்தையே அவர் கணக்கிட்டார். அக்கணக்கைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் நான், அதே எண்களைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடக்கும் பையனைப் பார்த்து “வெட்டி வேலை” என்று சொல்லப் புறப்பட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு பஸ் ஏறினேன். அன்று பெட்டி தேடவில்லை. “மாமா, நீங்கள் பட்டப்படிப்பில் வரலாறு படித்தவர். நீங்கள் ஓர் இடத்தைச் சொல்லுங்கள், எண்ணை வைத்து நான் கண்டுபிடிக்கிறேன்” என்றான். பரங்கிமலை என்றேன்.

ஏன் பரங்கிமலை? உலகத்தின் மாபெரும் தேடல்களில் ஒன்று தொடங்கிய இடம் அது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கத்துக் குன்று வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி எஃகுச் சங்கிலியை நீட்டி, அதன் சூடு தணியக் காத்திருந்து, ஒவ்வொரு நூறு அடியாக நகர்த்த அவருக்கு 57 நாட்கள் பிடித்தன. இன்று பறக்கும் ரயிலும் கணினி அலுவலகங்களும் நிறைந்திருக்கும் பகுதியில், அன்று ஏழரை மைலுக்கு ஐம்பத்தேழு நாட்கள்! அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்துதான் இமயமலைச் சிகரங்களின் உயரம் வரை அளக்கப்பட்டது.

லாம்ப்டனின் தியோடலைட் என்னும் அளவைக் கருவி அரை டன் எடை. அது இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்துக்கொண்டார்கள். பிறகு அறிவியல் கருவி என்றறிந்து மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சிதைந்தது. மனிதர் மனமொடிந்து போகாமல் கூடாரத்துக்குள் புகுந்து, வாரக்கணக்கில் தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார். இதையெல்லாம் மலைப்படிகளில் ஏறும்போது மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டு போனேன். மேலே லாம்ப்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. மருமகன் அதனருகே நின்று செல்போனைப் பார்த்தான், எண்களைக் குறித்துக்கொண்டான். எனக்குக் கால் வலித்தது.

திரும்பும் வழியில் பல்லாவரம் வந்தபோது இன்னொன்று சொன்னேன். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர் இங்கே சரளை மண் தோண்டிய பள்ளமொன்றில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். பார்ப்பவர்க்கு வெறுங்கல். அவரோ மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற்சான்று அதுவே. சில மாதங்களில் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் அகப்பட்டன. அவற்றின் வயது சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் என்று நம் காலத்து ஆய்வாளர்கள் 2011-இல் உறுதிசெய்தார்கள். பூட் திரட்டிய பொருள்களை எழும்பூர் அருங்காட்சியகம் 1904-இல் வாங்கிக்கொண்டது.

“அப்படியானால் அவர்தான் மாமா நம்மூரின் முதல் ஜியோகேச்சர்! ஒளித்து வைத்தவனுக்கும் எடுத்தவருக்கும் பதினைந்து இலட்சம் ஆண்டு இடைவெளி” என்றான். பல்லாவரத்துக் கல்லின் வயதும் அதுவே என்று எவரும் சொல்லவில்லை என்பதைத் திருத்திச் சொன்னேன். ஆசிரியத் தொழிலின் வழக்கம், விட முடியவில்லை.

வாசகர்களே, இதுவரை சொன்னவை இனிமையானவை. இனிச் சொல்ல வேண்டியது அப்படியன்று.

பஸ்ஸில் வரும்போது அவன் தன் ஆசையைச் சொன்னான். தானும் ஒரு பெட்டியைத் தயார் செய்து, ஒரகடம் சாலையில் ஒரு சிறுபாலத்தின் அடியில் ஒளித்து வைக்க வேண்டுமாம். இடத்தைக்கூடப் பார்த்துவிட்டானாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போதுதான் என் தங்கையின் கண்ணீருக்கு உண்மையான காரணம் புரிந்தது. அவள் பயந்தது பொழுது வீணாவதைப் பற்றி அன்று. பாலத்தடியில் குனிந்து எதையோ வைக்கும் அல்லது எடுக்கும் ஓர் இளைஞனைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? அந்த இளைஞனின் பெயரைக் கேட்ட பிறகு என்ன நினைப்பார்? அதை அவள் வாயால் சொல்லவில்லை. நம் வீட்டுத் தாய்மார்கள் இதைச் சொல்வதில்லை. “வேண்டாம்” என்று மட்டும் சொல்வார்கள்.

1991-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் இரவை ஸ்ரீபெரும்புதூர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஒரு முன்னாள் பிரதமரும் அவரோடு பலரும் குண்டுவெடிப்பில் மாண்ட மண் இது. தொழிற்சாலை வாயிலில் கேட்பாரற்றுக் கிடக்கும் பையைக் கண்டால் காவலர் பதறுவது அவர் கடமை. இவ்விளையாட்டு வேரூன்றிய நாடுகளிலேயே இந்தச் சிக்கல் உண்டு. 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி என்னும் ஊரில், கடைவீதியில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த பெட்டியைச் சந்தேகித்து வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்து வெடிக்கச் செய்தார்கள். உள்ளே இருந்தது விளையாட்டுப் பெட்டி. அங்கே அது ஒரு நாள் செய்தியாகி மறைந்தது. இங்கே ஒருவனுக்கு அது ஒரு நாளோடு போகுமா?

ஆகவே நான் அவனிடம் கண்டிப்பாகவே சொன்னேன். “பெட்டி வைக்காதே. பாலத்தடி, பஸ் நிலையம், தொழிற்சாலை மதில், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் அருகில் தேடவும் போகாதே. இருட்டிய பிறகு போகாதே. தனியே போகாதே.” அவன் முகம் சுருங்கியது. “என்னோடு வேலை செய்கிற மற்றவர்களிடமும் இப்படிச் சொல்வீர்களா மாமா?” என்று கேட்டான். பாலத்தடியைப் பற்றியானால் எல்லாரிடமும் சொல்வேன். தனியே போகாதே என்பதை ஒருவேளை உன்னிடம் மட்டும்தான் சொல்வேன் என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் வரை அவன் பேசவில்லை. நானும் சன்னலோரம் ஏரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அச்சத்தைப் பிள்ளைக்குச் சொத்தாக எழுதிவைக்க எந்தத் தகப்பனும் விரும்பமாட்டான். எச்சரிக்கை வேறு, அச்சம் வேறு என்று மேடையில் எளிதாகச் சொல்லிவிடலாம். பஸ்ஸில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் இருபத்து நான்கு வயதுப் பிள்ளையிடம் அந்த எல்லையைக் காட்டுவது எளிதன்று. இரண்டு நாள் எனக்குச் சரியாக உறக்கமில்லை.

வழியை அவனே கண்டுபிடித்து வந்தான். ஜியோகேச்சிங்கில் பெட்டியே இல்லாத ஒரு வகை இருக்கிறதாம். எர்த்கேச் என்று பெயர். அமெரிக்க நிலவியல் கழகம் 2004-இல் தொடங்கி வைத்தது. ஓரிடத்துக்குச் சென்று அங்குள்ள பாறையையோ மண்ணடுக்கையோ பார்த்து, கேட்கப்பட்ட கேள்விக்கு விடை எழுத வேண்டும். எதையும் வைக்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது. இடத்துக்கு உரியவரின் அனுமதியைப் பெற்ற பிறகே அறிவிக்க வேண்டும். “இதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும் மாமா? பெட்டியே இல்லையே!” என்றான். பிறகு, “ஆனால் நம்மூரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கார் தொழிற்சாலைதான் இருக்கிறது” என்று சோர்ந்தான்.

அங்கேதான் நான் படித்த வரலாறு எனக்குக் கைகொடுத்தது. நம் ஊரின் பெயரை உலக நிலவியலாளர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக உச்சரித்து வருகிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ‘ஸ்ரீபெரும்புதூர் படிவுகள்’ என்றே ஒரு பாறைத் தொகுதிக்குப் பெயர். பல்லாவரத்தில் கல்லெடுத்த அதே பூட் 1870-களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், டைனோசர்கள் உலவிய காலத்தில், இவ்விடத்தில் படிந்த சேறும் மணலும் இறுகிப் பாறையாயின. அக்காலத்துச் செடிகளின் இலைகள் அந்தக் களிப்பாறை ஏடுகளுக்கிடையே அச்சடித்தாற்போல் பதிந்துள்ளன. ஈந்து ஓலையைச் சிறிதாக்கினாற்போன்ற டைலோபில்லம் என்னும் செடியின் இலை அவற்றில் முக்கியமானது. கடல்வாழ் உயிர்களின் சுவடுகளும் உண்டு. அதாவது, கடல் ஒருகாலத்தில் இவ்வளவு தூரம் உள்ளே வந்திருந்தது. மதிலும் தாரும் கான்கிரீட்டும் மூடிக்கொண்டே வருவதால், இந்த ஏடுகள் வெளியே தெரியும் இடங்கள் குறைந்துகொண்டே போகின்றன.

என் மருமகன் பணிபுரியும் இடத்திலும் அஸ்திவாரம் தோண்டியபோது என்னென்ன வந்திருக்குமோ, லாரியில் ஏற்றி எந்தப் பள்ளத்தை நிரப்பினார்களோ!

இப்போது அவனும், அவன் அறையில் தங்கியிருக்கும் ஒடிசாப் பையனும், விழுப்புரத்துப் பையன் ஒருவனும் மூவராகச் சேர்ந்து போகிறார்கள். நிலவியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவரைச் சந்தித்து, எந்த இடத்தைப் பார்ப்பது, யாரிடம் அனுமதி கேட்பது என்று விசாரித்திருக்கிறார்கள். இன்னும் அனுமதி வரவில்லை. வரும்வரை படம் பார்த்துப் படிக்கிறார்கள். ஒரு கல்லையும் வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஏட்டைக் கிழித்துக்கொண்டு போய்விட்டால் அடுத்து வருகிறவன் எதைப் படிப்பான்?

பெரியவன் கதையிலேயே இவ்வளவு இடம் போய்விட்டது. பத்திரிகை ஆசிரியர் பொறுத்தருள வேண்டும். இளையவனைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவன் என்னைச் சும்மா விடமாட்டான்.

அவன் கல்லூரிக் குழுவைப் பற்றித் தங்கை சொன்னது பொய்யன்று. கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் இதுவரை முதல் சுற்றைத் தாண்டியதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் மாணவர்களைச் சேர்த்து, தனிப் பயிற்சியாளரும் புல்தரை மைதானமும் வைத்திருக்கும் கல்லூரிகளோடு இவர்கள் மோத வேண்டும். இவர்களுடைய மைதானத்தில் மழை பெய்தால் முழங்கால் சேறு. வெயிலடித்தால் செம்மண் புழுதி. கோல்காப்பாளன் அணியும் கையுறை, சென்ற ஆண்டு படித்து முடித்துப் போனவன் கொடுத்தது. இந்த ஆண்டு எப்படியோ முதல் சுற்றில் வென்றுவிட்டார்கள். காலிறுதியில் சமநிலை, பெனால்டியில் பிழைத்தார்கள். அரையிறுதிக்கு நான் போயிருந்தேன்.

எனக்குக் கால்பந்து நுணுக்கமெல்லாம் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. எதிரணியின் ஆட்டம் அழகாக இருந்தது. நம் பிள்ளைகளின் ஆட்டம் அழகாக இல்லை. பதினொருவரும் தங்கள் கோலுக்கு முன்னே கூடி நின்று, வந்த பந்தையெல்லாம் உதைத்து விரட்டினார்கள். என் மருமகன் தடுப்பாட்டக்காரன். இரண்டாம் பாதியில் தசைப்பிடிப்பு வந்து விழுந்தான், எழுந்தான், மறுபடி ஓடினான். வீட்டில் தண்ணீர்க் குடத்தை நகர்த்தச் சொன்னால் நாளை என்பவன்! கடைசி ஐந்து நிமிடத்தில் எங்கிருந்தோ ஒரு நீண்ட உதை, ஓர் ஓட்டம், ஒரு கோல். கரையில் நின்ற நான் தலைத்தொப்பி கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பக்கத்தில் நின்ற எதிரணிப் பையன்தான் எடுத்துத் தட்டிக் கொடுத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

வலிமை குன்றிய அணி வெல்லும் கதைகள் நம் நாட்டில் உண்டு. 1911 ஜூலை 29-ஆம் நாள் கல்கத்தாவில் மோகன் பகான் குழுவினர் ஆங்கிலேயப் பட்டாளத்து அணியை 2–1 என்று வென்று கேடயம் பெற்றதைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். ஆனால் அதற்குப் பிறகும் கல்கத்தா லீக் பட்டம் மட்டும் இந்தியக் குழு எதற்கும் எட்டாக்கனியாகவே இருந்தது. 1891-இல் தொடங்கப்பட்ட முகமதன் ஸ்போர்ட்டிங் குழு 1934-இல் தான் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. புதிதாக வந்தவர்கள் அந்த ஆண்டே திரும்பக் கீழே போகாமல் இருந்தால் போதும் என்றுதான் எவரும் நினைப்பார். அவர்களோ அந்த ஆண்டே பட்டத்தை வென்றார்கள்! லீக் பட்டம் வென்ற முதல் இந்தியக் குழு அவர்களே. வென்றதோடு நில்லாமல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

இது எப்படி நேர்ந்தது? வீரம், உணர்ச்சி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் எனக்குப் பிடித்த காரணம் வேறொன்று. வெறுங்கால் ஆட்டத்தில் இந்தியர் வல்லவர். ஆனால் கல்கத்தாவில் மழை பிடித்துக்கொண்டால் ஈரத் தரையில் வெறுங்கால் வழுக்கும். பூட்ஸ் அணிந்த வெள்ளையர் வென்றுவிடுவர். ஆண்டாண்டாக இதுவே நடந்தது. முகமதன் குழுவினர் ஈரத் தரைக்கென்று பூட்ஸ் அணிந்து ஆடப் பழகிக்கொண்டார்கள். அவ்வளவுதான்! தோற்றதற்கு மழையைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டுக் காலைப் பார்த்தார்கள். பின்னர் 1940-இல் டெல்லியில் ராயல் வார்விக்ஷயர் பட்டாளத்தை 2–1 என்று வென்று, டூரண்ட் கோப்பையைப் பெற்ற முதல் இந்தியக் குடிமக்கள் குழுவும் அவர்களே.

அக்குழுவின் முகமது சலீம் 1936-இல் ஸ்காட்லாந்து சென்று, புகழ்பெற்ற செல்டிக் குழுவுக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடியதைப் பார்த்து அவ்வூர் மக்கள் வாய்பிளந்தார்கள். இரண்டு ஆட்டங்களிலும் செல்டிக் வென்றது. அங்கேயே தங்கும்படி கேட்டும், ஊர் நினைவு வாட்டக் கப்பலேறி வந்துவிட்டார். இதை இளையவனிடம் சொன்னபோது, “தங்கியிருக்கலாம் மாமா!” என்றான். அவன் வயது அப்படி.

நம் மாநிலத்துச் செய்தி ஒன்றும் உண்டு. கோயம்புத்தூரில் ஆடிவந்த சென்னை சிட்டி குழு ஐ-லீக் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. அடுத்த பருவத்தில், 2019 மார்ச் 9 அன்று, கடைசி நாள் ஆட்டத்தில் முதலில் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கி, பிறகு 3–1 என்று வென்று, ஈஸ்ட் பெங்கால் குழுவை ஒரே ஒரு புள்ளியில் முந்திப் பட்டம் பெற்றது. ஒரு புள்ளி! பருவம் முழுதும் ஆடிய ஆட்டங்களில் எந்தப் புள்ளி அந்தப் புள்ளி என்று யாரால் சொல்ல முடியும்?

தேர்வைப் பற்றித் தங்கை கேட்டது நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்கவில்லை. பையனை உட்காரவைத்து, பாடங்களைத் தாளில் எழுதச் செய்தேன். நிலுவைத் தாள் ஒன்று இருப்பது அப்போதுதான் வெளிவந்தது, வீட்டில் மறைத்திருக்கிறான். அதற்காக என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான். சுப்ஹுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிப்பது, மாலையில் பயிற்சி என்று ஒப்பந்தமாகியிருக்கிறது. இதுவரை பதினோரு நாட்களில் இரண்டு நாள் வரவில்லை.

இறுதியாட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. எதிரணி ஏழு முறை கோப்பை வாங்கிய கல்லூரி. இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்போது முடிவு தெரிந்திருக்கும். ஐந்து கோல் வாங்கித் தோற்கவும் கூடும். வானிலை அறிக்கை மழை என்கிறது, சேறு நம் பிள்ளைகளுக்குப் பழகியதுதான் என்று இளையவன் கணக்குப் போடுகிறான். பெரியவனுக்கு அன்று காலை ஷிப்டு. ஒடிசாப் பையனோடு மாற்றிக்கொண்டிருக்கிறான். நேற்றிரவு தங்கை டெலிபோன் செய்து, மைதானத்துக்கு எந்த பஸ் போகும், பெண்கள் நிற்பதற்கு நிழல் உண்டா என்று கேட்டாள். வேப்பமரம் ஒன்று இருக்கிறது, குடையும் எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.